அரைப்பேர்

எங்கள் அணிக்கு முதலாளி யாரென்று கேட்டார்.
நான் சி.ஆர். கொப்பியைத் திறந்து காட்டினேன்.
ஊசிப்பாறை, கீழ்ப்பிரிவு, நாற்பத்தொரு குடும்பம்,
மாதம் ஐம்பது ரூபாய்.
சவரியம்மா, காசுக்குப் பதில் ஒரு சேவல்.
கவ்வாத்துக்குப் போகிற வீரசாமி,
கோடு கீற ஒரு மூட்டைச் சுண்ணாம்பு.
எந்த ஸ்டோரிலிருந்து எடுத்தது என்று
கொப்பியில் எழுதவில்லை.

சிரித்தார். நல்ல சிரிப்புத்தான்.
இதே மலையில் எட்டாம் நம்பர் லயத்தில் பிறந்தவர்.
இப்போது ஹட்டனில் மூன்று மாடி,
மாணிக்கராஜ் நகை அடகு நிலையம்.
நாற்பத்தொரு கைநாட்டையும் கையெழுத்தையும்
ஒரு காசோலை மூடிவிட்டது.

பூட்ஸ் வந்தது.
பெட்டி பிரித்த வாசனைக்கே
லோகிதன் ஒரு கோல் அடித்திருப்பான்.
சட்டை வந்தது,
முதுகில் எங்கள் பேர் சின்னதாய்
மார்பில் கடையின் பேர் பெரிதாய்.
அப்புறம் புல்டோசர் வந்தது.

எங்கள் மைதானம் பீலிக்கரைப் பக்கம் சரியும்.
வெளியூர்க்காரன் நேராய் உதைத்தால்
பந்து தேயிலைக்குள் இறங்கிவிடும்.
நாங்கள் மேட்டைப் பார்த்து உதைப்போம்,
அது வளைந்து காலுக்கே வரும்.
மூன்றே நாளில் மட்டமாக்கினார்கள்.
பிறகு கொழும்பிலிருந்து நாலு பேர்,
கானாவிலிருந்து யாவ்.
ஒன்பது வருஷம் கோல் காத்த சூசைக்குத்
தண்ணீர்ப் போத்தல் தூக்கும் வேலை.
கடைசிப் பத்து நிமிஷம் இறக்கினால்
'அரைப்பேருக்கும் காணாது' என்று
கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டுவான்.

வென்றோம். பொய் சொல்லக்கூடாது.
ஏழு ஆட்டம் தொடர்ந்து வென்றோம்.
கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள்
கூடையோடு ஓடிவந்து கத்தினார்கள்.
அவர்களில் பாதிப்பேர் காதில் ஈர்க்குச்சி;
தோடுகள் மாணிக்கராஜின் கண்ணாடி அலுமாரியில்.
இந்தப் பூட்ஸ் என் அக்காள் கட்டிய வட்டி என்று
கணக்குப் பார்க்கத் தெரிந்தவன்தான் நான்,
செயலாளர்.
பார்க்கவில்லை.
ஏழு ஆட்டம் தொடர்ந்து வெல்லும்போது
யாருக்குக் கணக்கு வேண்டும்?

அவர் குடைக்குக் கீழே கதிரையில் இருப்பார்.
கோல் விழுந்தால் எழும்பமாட்டார்,
போனைப் பார்ப்பார்.

யாவுக்குக் குளிர் தாங்காது.
பக்கத்துக் காம்பிராவில் இரண்டு கம்பளி போர்த்தி
ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்று
கண்ணில் நீர் வழியச் சிரிப்பான்.
பிரட்டில் நிற்கும் பெண்களிடம்
அவன் படித்த முதல் தமிழ்
'பேர் போட்டாச்சா?'
முதல் மாதம் அதை விளையாட்டாய்க் கேட்டான்.
மூன்றாம் மாதம்
என் கண்ணைப் பார்த்துக் கேட்டான்.

மழைக்காலத்தில் ஒரு கடிதம் வந்தது.
லீக்கில் எங்கள் இடத்தை
நீர்கொழும்பில் யாருக்கோ விற்றிருந்தார்.
இடத்தைத் தனியாய்க் கழற்றி விற்கலாம் என்பதே
அன்றுதான் எனக்குத் தெரியும்.
போனில் குரல் கனிவாய்த்தான் இருந்தது:
'சட்டைய நீங்களே வச்சிக்குங்க, தம்பி.'

பழைய கொப்பியைத் தூக்கிக்கொண்டு
லயம் லயமாய் ஏறி இறங்கினேன்.
யாவுக்கு என்றதும் ஆறு வீட்டில் கதவு சாத்தினார்கள்.
சவரியம்மா நூறு ரூபாயும்
வழிக்கு அவித்த முட்டையும் தந்தாள்.
பொகவந்தலாவையில் பஸ் ஏறும்போது
காசை எண்ணாமல் மடித்துக்கொண்டான்.
அவனுக்கு வரவேண்டியதில் அது
அரைப்பேர்கூட இல்லை.

மட்டமாக்கிய மைதானத்தில்
இப்போது தண்ணீர் வடிவதில்லை.
நடுவில் தவளை கத்துகிறது.
மருந்தடிக்கிற பையன்கள் மாணிக்கராஜ் சட்டையில்
ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.
சூசை மறுபடி கோலில்.
லோகிதன் பழக்கத்தில்
மேட்டைப் பார்த்து உதைக்கிறான்.
மேடு இல்லை.
பந்து நேராகவே போகிறது,
எடுக்க ஒருவர் மாறி ஒருவர்
தேயிலைக்குள் இறங்குகிறோம்.