வியாழக்கிழமைத் தண்ணீர்

எமரென்சியா டீச்சரை
முதலில் ஒரு புகாராகத்தான் எனக்குத் தெரியும்.
'முஹர்ரக். வில்லாவில் நடக்கும் பள்ளிக்கூடம்.
வடிகுழாய்களை யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள்.'
ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன்.
பின்சுவர் நெடுகப் பால்பவுடர் டப்பாக்கள்,
நெய் டின்கள், மூலை உடைந்த மீன்பெட்டி.
ஏழு ஏசியின் ஏழு குழாயும்
சாக்கடையை விட்டுவிட்டு
டப்பாக்களில் சொட்டிக்கொண்டிருந்தன.

கை நிறையச் சாக்பீஸ் தூளோடு வெளியே வந்தார்.
'இந்த ஊர்க் குழாய்த் தண்ணியில உப்பு, தம்பி.
ரெண்டு வருஷமா அவரையக் கொன்னு பார்த்துட்டேன்.
இதுல உப்பில்ல.
உள்ள முப்பத்திரண்டு பிள்ளைங்க விடுற மூச்சு.
உங்க மெஷின் குளிரவச்சுத் தருது.
சாக்கடைக்கா விடுறது?'

பத்து வருடமாக ஏசி கழற்றி மாட்டுகிறேன்.
சொட்டுவது வெறும் தண்ணீர் என்றே நினைத்திருந்தேன்.
அறிக்கையில் எழுதினேன்:
சரிசெய்யப்பட்டது.

தூத்துக்குடிக்காரர். கணக்கு டீச்சர்.
விமானங்கள் கூரையை உரசிப் போகும் இடம் அது.
பாதி வாக்கியத்தில் நிறுத்துவார்.
சத்தம் கடல் மேல் போய்த் தேயும்வரை
சாக்பீஸ் காற்றிலேயே நிற்கும்.
பிறகு, விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்.
'எங்க விட்டேன்?' என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

ஐந்தாம் வகுப்பு
டப்பாக்களைச் சுற்றிக் குந்தியிருக்கும்.
நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?
டப்பா நிறைய எத்தனை மணி நேரம்?
நாற்பத்தொன்று என்பாள் ஷைமா,
நாற்பத்திரண்டு என்று ஜோயல் அடித்துப் பேசுவான்.
'சண்டை எதுக்கு? மறுபடி எண்ணுங்க.
சொட்டு வந்துகிட்டேதானே இருக்கு.'

ஆணியில் ஒரு நோட்டு தொங்கும்.
'நாலாவது யூனிட். நேற்று 41. இன்று 26.
பாகல் வாடுது. மெக்கானிக்கைக் கூப்பிடவும்.'
கேஜ் மாட்டிப் பார்த்தால் கேஸ் குறைந்திருக்கும்.
என் கருவியை ஒரு பாகற்கொடி முந்திக்கொள்ளும்,
எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும்.

தங்கமான மனுஷி என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
பூவோடு கொடியை இழுத்த பையனிடம்
ஒரு வாரம் பேசவில்லை.
எனக்குக் காய் தந்தபோது
எண்ணி ஆறு தந்தார்.
ஏழாவதைப் பார்த்தேன்.
'அது விதைக்கு' என்றார்.
ஜனவரியில் ஏசி ஓடாது.
அப்போது பள்ளி வேனில்
மடியில் ஐந்து லிட்டர் கேனை அணைத்தபடி
குதைபியாவிலிருந்து வருவார்.
டிரைவர் முணுமுணுப்பார்.
அவருக்கும் எண்ணி ஆறு காய்.

வெள்ளிக்கிழமை போய்விட்டார். தூக்கத்தில்.
ஞாயிறு பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்.
கம்பெனி அன்றுதான் என்னை அனுப்பியது:
ஏழு குழாயையும் சாக்கடைக்கே திருப்பிவிடு.

டப்பாக்கள் நிறைந்து நின்றன.
வெள்ளி, சனி ஊற்ற ஆளில்லை.
வியாழன் கடைசிப் பீரியடின் தண்ணீர் அது.
ஏழாம் வாய்ப்பாடு சொன்ன வாய்களின் மூச்சு.
முப்பத்திரண்டு பிள்ளைகளோடு
முப்பத்துமூன்றாவதாக ஒருவர்.

எந்தச் செடிக்கு எவ்வளவு என்று
நோட்டில் தேடினேன், இல்லை.
டப்பாவைச் சாய்க்கும் நேரம் விமானம் ஒன்று வந்தது.
சாய்க்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.
சத்தம் தேய்ந்தது.
ஊற்றினேன்.
பாகலுக்குக் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

ஆறு குழாயைத் திருப்பினேன்.
நாலாவதின் கீழே டப்பாவைத் திரும்ப வைத்து
ஏசியைப் போட்டுவிட்டு,
அரை மணி கழித்துக் குந்தி எண்ணினேன்.
சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன்.

நோட்டில் எழுதினேன்:
நாலாவது யூனிட். இன்று 9.
பழுது எதுவும் இல்லை.
வகுப்பில் ஆளில்லை.