சோதனை வாசல்

சாயங்காலம் ஆறு மணிக்கு
அடுப்படி வாசலை மறித்து நிற்கிறார்.
கையைத் தூக்கு என்கிறார்.
தூக்குகிறேன்.

முப்பத்தொரு வருஷம்
அருவங்காட்டு வெடிமருந்து ஆலையின் கதவில்
இவரைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள்.
தீப்பெட்டி ஆகாது, பீடி ஆகாது,
செருப்பில் ஓர் ஆணி தென்பட்டாலும் திருப்பி அனுப்புவார்கள்.
இப்போது தடவுகிற முறை இவருடையது.
ஸ்வெட்டர் பை. இடுப்பு மடி. சால்வையின் ஓரம்.
எந்த செக்‌ஷன் நீ? டோக்கன் நம்பர் என்ன?
நான் லில்லி புஷ்பம்.
அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவில்லையே.

அதுவும் சரிதான்.
சம்பளம் ஒன்றும் வருவதில்லை.

கேஸ் அடுப்பைத் தம்பி வீட்டுக்குக் கொடுத்தாயிற்று.
கரண்ட் அடுப்பில்தான் கஞ்சி, வெந்நீர், எல்லாம்.
ஓசூரிலிருந்து மகன் போனில் சொல்கிறான்,
"எதுக்கும்மா எதிர்த்துப் பேசுறே,
ஆமா ஆமான்னு போயிடு."
ஆமா என்கிறேன்
அவனிடமும்.

போன மாதம் குன்னூரில்
டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து வைத்தார்.
இல்லாத ஆட்களைப் பார்க்கிறாரா?
பொருள் திருடு போனதாகச் சொல்கிறாரா?
அடிக்கிறாரா? ராத்திரி எழுந்து நடக்கிறாரா?
ஒவ்வொரு கேள்விக்கும் வாலாக இன்னொன்று:
உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்,
பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்க.
எனக்கா என்று கேட்டேன்.
பிறகு மூன்று என்றேன். எல்லாவற்றுக்கும் மூன்று.
ஐந்து சொல்ல வாய் வந்தது,
பக்கத்து நாற்காலியில் அவர்
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
சமத்தாக உட்கார்ந்திருந்தார்.

போன வியாழன் மழையில் கற்பூர மரம் சாய்ந்து கரண்ட் போயிற்று.
இருட்டில் அவர் முனக ஆரம்பித்தார்.
மெழுகுவத்திக்காக ஒரு குச்சி கிழித்தேன்,
ஒரே ஒரு குச்சி.
ஓடு! என்று கத்தினார்.
மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு
மூடுபனியில், வெறுங்காலில்,
தேயிலைச் சரிவில் என்னைத் தள்ளி
மேலே கவிழ்ந்து படுத்தார்,
என் தலையை இரண்டு கையாலும் பொத்தி.
அவர் நெஞ்சு என் முதுகில் இடித்தது.
எத்தனை வருஷம் ஆயிற்று
அவ்வளவு பக்கத்தில் வந்து.

"கிருபா, தலையைத் தூக்காதேடா"
என்றார் என் காதுக்குள்.
நாற்பது வருஷக் குடித்தனத்தில்
அந்தப் பேரை நான் கேட்டதே இல்லை.

ஒன்றும் வெடிக்கவில்லை. மழை பெய்தது.
உள்ளே கூட்டி வந்து தலை துவட்டி
காய்ந்த சாக்ஸ் மாட்டிவிட்டு
கன்னத்தில் ஓர் அறை விட்டேன்.
இடது கையால். வலது கை வீங்கியிருந்தது.
"நான் என்ன தப்பு செஞ்சேன், மேடம்?"

இதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

ஆறு ஆகப் போகிறது.
மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு
நானே போய் நிற்கிறேன்.
கொண்டையை மட்டும் அவர் பார்ப்பதில்லை.
உள்ளே நாலு குச்சி,
பெட்டியில் கிழித்த மருந்துப் பட்டை, விரல் அகலம்.
எதற்கென்று கேட்டால்
சொல்லத் தெரியாது.
இருக்கிறது.