நவம்பர் படிவம்

தண்டையார்பேட்டை பேங்க், மூன்றாம் கவுன்டர்.
முதலில், உயிரோடு இருக்கிறேன் என்று.
அதற்குக் கட்டைவிரலே போதுமாம்.
அடுத்தது, மறுமணம் செய்துகொள்ளவில்லை.
இதற்கு மட்டும் ஓர் ஆபீசர்
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டுப்
பச்சை மையில் சாட்சி போடவேண்டும்.

பதினோராவது நவம்பர்.
ஹவில்தார் குணாளன், நானே எழுத்துக்கூட்டுகிறேன்.
விட்டால் குனாலன் ஆக்கிவிடுவார்கள்.

கட்டிக்கொண்டால் பென்ஷன் வராது, பாதி வரும்,
கொழுந்தனைக் கட்டினால் மட்டும் முழுசாய் வரும்.
ஆளுக்கொரு ஜீ.ஓ. சொல்கிறார்கள்.
ஒன்றாம் தேதி விழுகிற பணத்தில்தான்
குணாளனின் அம்மாவுக்கு இன்சுலின்.

வெளியே மழை.
எபினேசர் என் குடையை விரிக்காமல் வைத்துக்கொண்டு நனைகிறான்,
நான் வந்ததும் விரிக்கலாமென்று.
ஹார்பரில் எடைமேடை வேலை.
ஏறும்போது ஓர் எடை, இறங்கும்போது ஓர் எடை,
நடுவில் இருப்பதுதான் சரக்கு என்பான்.
கோர்ட்டுக்கு நடந்து நடந்து
விவாகரத்துக் காகிதம் வாங்கியவன்.
அவன் மகள் போனவாரம் ஸ்கூல் பாரத்தில்
அம்மா பெயர் கட்டத்தில்
பென்சிலால் என் பெயரை எழுதி, அழித்திருந்தாள்.
அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது.

'முடிஞ்சதா?' என்றான்.
'இன்னும் ஒரு வருஷத்துக்கு.'

வியாசர்பாடி அத்தோ கடை.
தார்ப்பாய் வயிறு முட்டத் தண்ணீர்.
கடைக்காரம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு,
'இன்னாம்மே, உன் வூட்டுக்காரருக்கு முட்டை வெக்கட்டா?'
எபினேசர் ரோட்டைப் பார்த்தான்.

வையுங்க, என்றேன்.
ரெண்டா.