நாற்பத்தோராம் பக்கம், உபின்

வாடகை எட்டு வெள்ளி.
பிரேக் பாதிதான் பிடிக்கும் என்று
ரோஸ்லி முதலிலேயே சொல்லிவிட்டார்.

“மூன்றாவது வளைவில் மூச்சு முட்டும்;
குவாரி நீரில் வானம் குப்புறக் கிடக்கும்.”
கதையின் நாற்பத்தோராம் பக்கம்.

எழுதியவருக்குப் படகேறினாலே குமட்டுமாம்.
சாங்கி படகுத்துறையில்
தே ஓ ஆறும்வரை உட்கார்ந்து
எதிர்க்கரை உபினை எழுதிவிட்டுப்
பேருந்தில் வீடு திரும்பிவிடுவாராம்.

முதல் வளைவில் காட்டுப்பன்றி, குட்டிகளோடு.
இறங்கி நின்றோம்.
இரண்டாவதில் திலகேஸ்வரியின் சைக்கிள் சங்கிலி கழன்றது.
மாட்டி முடிப்பதற்குள் விரலெல்லாம் கிரீஸ்.

மூன்றாவது வளைவே இல்லை.
பாதை நேராகச் சரிந்தது,
பிரேக் பிடிக்கவில்லை,
மூச்சு மட்டும் சொன்னபடி முட்டியது.

வேலியோரம் விழாமல் நின்றபோது
கீழே வானம் குப்புறத்தான் கிடந்தது.
“அப்போ வளைவு எங்கே?” என்று
புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினாள்.

நாற்பத்தோராம் பக்கத்தில்
அவள் கட்டைவிரல்
கறுப்பாய்,
வளைவு வளைவாக.