பதினான்காம் தொட்டி

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, மூலனூர் சாலையில்
பச்சை வலைக்கடியில் இருபத்தேழு தொட்டி.
குதிரைமசால், வேலிமசால், முயல்மசால்.
மணிச்சத்து இல்லாமல், பாதி, முழுசு.
ஒவ்வொன்றும் மூன்று முறை.
நம்புவதற்கு ஒன்று போதும்,
புள்ளியியலுக்கு மூன்று வேண்டும்.

மண் இந்தக் காட்டுடையதுதான்,
சுக்கான் கலந்த செவலை.
அமிலம் சொட்டினால் சோடாவாய்ப் பொங்கும்.
போட்ட மணிச்சத்தைச் சுண்ணாம்பு
இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.
கேட்டால் தராது,
இல்லையென்றும் சொல்லாது.

அறுபதாம் நாள் வேர் கழுவினேன்.
சல்லடைமேல் கவிழ்த்து, குத்தவைத்து உட்கார்ந்து,
விரலிடுக்கில் தண்ணீரை ஒழுகவிட்டு
தொட்டிக்கு முக்கால் மணி நேரம்.

முழு அளவு தின்ற குதிரைமசால்
முழங்காலுக்கு மேல் நின்றது.
வேரோ ஒரு கைப்பிடி.
பந்தி விரித்த வீட்டில்
யார் போய் உறியைத் துழாவுவார்கள்?

முயல்மசாலுக்கு எல்லாத் தொட்டியிலும் ஒரே முகம்.
முழுசு போட்டதில் கொஞ்சம் சிரித்திருக்கிறது;
தராசுக்கு மட்டும் தெரிகிற சிரிப்பு.

பதினான்கு, பட்டினிக் குதிரைமசால்.
ஒரு சாண்கூட இல்லை.
இலை கரும்பச்சை, தண்டில் கத்தரிப்பூ நிறம்.
தூக்கினேன். வரவில்லை.

அடியோட்டை வழியே வெளியேறி,
விரித்திருந்த தாளின் கிழிசல் தேடி,
கீழே இறங்கியிருந்தது வேர்.

"இது பட்டி போட்ட எடமுங்க"
என்றாள் தண்ணீர் ஊற்றும் சாமியாத்தாள்,
கடப்பாரையோடு வந்து.
இரண்டு முழம் தோண்டினோம்.

செம்மறியின் தாடை,
நாலு பல் இன்னும் ஆடாமல்.
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே
வெள்ளை மயிர்வேர், பஞ்சுபோல் அப்பிக்கொண்டு.

சுண்ணாம்பு மண்ணில் எலும்பு லேசில் கரையாது,
படித்திருக்கிறேன்.
வேர் படித்ததில்லை.
தன்னிடம் இருந்த கொஞ்சம் புளிப்பையும்
அதன்மேல் கசியவிட்டு
உட்கார்ந்திருந்தது.

தொலைபேசியில் வழிகாட்டி சிரித்தார்:
"தொட்டியை விட்டு வெளியே போனது கணக்கில் வராதும்மா.
கோடு போட்டு விடு."
போட்டேன்.
வேரின் உலர் எடை என்ற கட்டத்தில்
அரை அங்குலக் கோடு.
என் அட்டவணையில் அதுதான் ஆகச் சின்ன வேர்.

ஆனாலும் அதைக் காகித உறையில் இட்டு
எழுபது டிகிரியில் மற்றவற்றோடு வைத்தேன்.
எடை போட்டேன்.
யாருக்கும் சொல்லவில்லை.

தாடையைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்த சாமியாத்தாள்
வேலிக்கு அப்பால் எறியப் போனவள் நின்றாள்.
"அந்த முயல் தொட்டிகிட்ட மட்டும் வெச்சராதீங்க,"
என்று என்னிடம் தந்தாள்,
"சும்மா இருக்கறதும் கேக்கப் பழகிக்கும்."