கீழ் பால்கனிக்குப் பூப்பது

யெசெனிட்சே, எஃகு ஊர்.
மூன்றாம் மாடியில் நான், மெவ்லிதா,
உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவள்.
கூண்டிலிருந்து பார்த்தால்
மேலாளருக்கும் உச்சந்தலைதான்,
கூட்டுகிறவருக்கும் உச்சந்தலைதான்.
வீட்டுக்கு வந்தாலும் அதே கதி.
நான் வளர்க்கும் தொங்கு கார்னேஷன்
எனக்குக் காட்டுவது பிடரியை மட்டும்.

திருட்டுச் செடி அது.
போஹின் ஏரிக்குச் சங்கத்துச் சுற்றுலா போன அன்று
ஒரு விடுதியின் மரச்சன்னலில்
செக்கச்செவேலென்று சரிந்து கிடந்தது.
கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது என்றாள் ஸ்லாவிட்சா,
கிள்ளத் தைரியமில்லாதவள்.
பூக்காத பக்கக் கிளை, விரல் நீளம்,
கணுவோடு இழுத்தேன்.
சாப்பாட்டு டப்பாவில் ஈரக் காகிதத்தில் சுருட்டி வைத்துவிட்டு
பேருந்தில் மூன்று பாட்டுக்கு நானும் கைதட்டினேன்
முகம் மாறாமல்.

மணலில் நட்டேன். ஐந்து வாரம்
செத்த மாதிரியே இருந்தது.
ஒருநாள் மெல்ல இழுத்துப் பார்த்தேன்.
அது திருப்பி இழுத்தது.

சொல்லிவிடுகிறேன், இதற்கு அன்பு மிஞ்சக் கூடாது.
தண்ணீர் கூடினால் வேர் அழுகும்.
மழை நேரே விழக் கூடாது, வெயில் மட்டும் வேண்டும்.
குளிர்காலத்தில் அறைச் சூட்டில் வைத்தாலோ
வெளுத்து, நெடுநெடுவென்று வளர்ந்து,
மத்தியானம் வரை தூங்கும் வாலிபன் போல் ஆகிவிடும்.

இரண்டாம் கோடையில்
கம்பிக்கு வெளியே இறங்கியது,
ஒரு முழம், இரண்டு முழம்,
கடைசியில் சிரிலின் எல்லைக்குள்.
சிரில் கீழ்வீடு.
ரயில்வேயில் சுரங்கக் காவல் பார்த்து ஓய்ந்தவர்.
பதினோரு வருடமாக எங்கள் பேச்சு
வெந்நீர்க் குழாய் வழியாகத்தான்.
தண்ணீர் சொட்டினால் கரண்டியால் இரண்டு தட்டு.
பதிலுக்கு நான் ஒரு தட்டு: சரி, சரி.

பூத்ததை எனக்குச் சொன்னது மூக்கு.
கிராம்பு வாசம், கீழிருந்து.
எட்டிப் பார்த்தேன்.
பச்சைக் காம்புகள், புறங்காட்டிய புல்லிகள்.
முகமெல்லாம் அவருக்கு.
இங்கே இதற்கு நாகெல், எங்கள் பக்கம் கரான்ஃபில்.
எந்தப் பெயரில் கூப்பிட்டும்
நிமிரவில்லை.

நவம்பரில் தொட்டியை மாடிப்படித் திருப்பத்தில் வைத்தேன்.
அங்கேதான் சன்னல் உண்டு, சூடு இல்லை.
நான்காம் நாள் சுவரில் அறிவிப்பு:
பொது வழியில் பொருட்கள் கூடாது,
வெள்ளிக்கிழமைக்குள் அகற்றவும். குடியிருப்புக் குழு.
முத்திரை வேறு.
வியாழன் இரவுப் பணி முடிந்து ஏறி வந்தேன்,
தூக்கிக்கொண்டு எங்கே போவது என்ற யோசனையோடு.
அறிவிப்பின் அடியில்
தச்சன் பென்சிலில், பெரிய எழுத்தில்:
"பாதிச் செடி என்னுடையது.
என் பாதியை நான் அகற்றமாட்டேன்.
சிரில், இரண்டாம் மாடி."

அதன்பின் யாரும் எதுவும் சொல்லவில்லை.
எந்தப் பாதி என்று நாங்களும் பேசித் தீர்க்கவில்லை.
மார்ச்சில் நான் மண் மாற்றினேன்.
மே மாதம் பார்த்தால் அவர் பால்கனிக் கம்பியில்
தளிர் காற்றில் முறியாமலிருக்க
கம்பளி நூலால் ஒரு தொளதொளத்த முடிச்சு.
எனக்குப் பிடிக்கவில்லை. தொங்குவது தொங்கட்டும்.
சொல்லப் போனேன், அவர் கதவு வரை.
திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது ஜூன், காலை ஆறரை.
காலணியைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்,
காதில் இன்னும் ஆலையின் இரைச்சல்.
குழாயில் மூன்று தட்டு.
மூன்றுக்கு நாங்கள் பொருள் வைக்கவில்லை.
தண்ணீரே ஊற்றவில்லையே என்று
கம்பியில் வயிறு அழுந்தக் குனிகிறேன்.
கொடிகளுக்கு நடுவே அவர் கை மட்டும்,
சவரக் கண்ணாடி ஒன்றை
வானத்தைப் பார்த்து நீட்டிப் பிடித்திருக்கிறது.
கொஞ்சம் நடுங்குகிறது.
கண்ணாடியில் முதலில் என் மூக்கு,
பிறகு ஒரு மேகம்,
பிறகு ஓரத்தில் ஏதோ சிவப்பு, நழுவிவிட்டது.

கிரேனுக்குக் கீழே நின்று
எனக்குச் சொல்வார்களே, அதே குரலில் சொல்கிறேன்:
இடது. இன்னும் இடது.
இன்னும் ஒரு விரல்.
நிறுத்து.