நான்காவது நட்சத்திரம்

குஷிரோவில் மூன்றாம் நாளாகப் பனி.
மீன் ஆலைக்கு விடுமுறை.
திரைக்குள் உறங்கும் ஒரு நீர்நாயைச் சிகுசா
பதினோராவது முறையாக ஆப்பிளால் அடிக்கிறாள்.

அடித்தால் கொட்டாவி: இரண்டு நட்சத்திரம்.
குழலூதினால் ஒரு காது மட்டும் எழும்: மூன்று.
நான்காவது எதற்கென்று
ஆட்டத்தை எழுதியவனுக்குத்தான் வெளிச்சம்.

படகைப் பின்னுக்கு விட்டு மறுபடி வந்தாள்.
கொக்கை விரட்டி அதன்மேல் விழவைத்தாள்.
பாவம் கொக்கு,
அதற்கு ஒரு படம்கூட இல்லை.

தேநீருக்குக் கை நீட்டியபோது
முழங்கை பொத்தானில் பட்டுவிட்டது.
பாதி வால், மீதியெல்லாம் தண்ணீர்.
மதிப்பெண் போடும் திரைக்கிழவர்
உதட்டைப் பிதுக்கினார்:
"நடுவில் இல்லையே."

அவளுக்கு அந்த வால் பிடித்துப்போயிற்று.
யாருக்காகவும் நிற்காத வால்.
அழிக்கவில்லை.

கணப்பு மேசைக்கடியில் கால் நீட்டி
வாய் பிளந்து உறங்குகிறான் ரியோஹே.
கூடையில் மிச்சம் ஒரு கமலா ஆரஞ்சு.
சிகுசா குறி பார்த்தாள்.
நெற்றியில் பட்டு
உருண்டு போய்
அலமாரிக்கடியில் நின்றது.

கண் திறக்காமலே கேட்டான்:
"எத்தனை நட்சத்திரம்?"

பிறகு புரண்டு படுத்தான்.
போர்வைக்கு வெளியே
ஒரு காது மட்டும்.